டாக்டர் படிப்புக்காகப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். தங்கச்சி ஆறாவதிலிருந்து ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பத்தாவதில் 468 மார்க். அவளை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில் கூப்பிட்டுப் பேசினார்கள். மார்க்கைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைத்து, ஹாஸ்டல், நீட் கோச்சிங் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,60,000 ரூபாய் என்கிறார்கள். இப்போதே இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினால்தான் பிறகு எம்.பி.பி.எஸ். படிக்க முடியும் என்றும் சொல்கிறார்கள். ஊர்ப் பள்ளியில் இயற்பியலுக்கு வாத்தியார் இல்லை. மாமாவோ, "நீட்டெல்லாம் எதுக்கு, கொல்லையை வித்துட்டு வெளிநாட்டுக்கு அனுப்பு, ஏஜென்ட் நமக்குத் தெரிஞ்சவர்தான்" என்கிறார். என்ன செய்யலாம்?
ஓர் அண்ணன், தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பி,

பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கிற நேரம் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கச்சியைத் தனியார் பள்ளிக்கு மாற்றாதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால்கூட அதை நினைத்து மனம் மாறாதீர்கள். டி.சி. வாங்கியாகிவிட்டது என்றால் அதை இன்னோர் அரசுப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

காரணம், 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நீட் வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதே அரிதாகிப் போனதை நீதியரசர் கலையரசன் தலைமையிலான ஆணையம் ஆராய்ந்து, 10 சதவீத இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதை 7.5 சதவீதமாக வைத்து 2020-ல் சட்டம் கொண்டுவந்தது. அந்த முதல் வருடமே 300-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. இதில் இடம் பெற ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறு முதல் பத்து வரை ஐந்து வருடத்தைத் தங்கச்சி ஏற்கெனவே முடித்துவிட்டாள். இன்னும் இரண்டே வருடம். இந்த நேரத்தில் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. பிளஸ் ஒன் மட்டும் வெளியே படித்துவிட்டுப் பிளஸ் டூவுக்குத் திரும்பி வந்தாலும் உரிமை போனது போனதுதான். அரசு உதவி பெறும் பள்ளியும் இதில் சேராது. பெயரில் "அரசு" என்ற சொல் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

உங்களைக் கூப்பிட்டுப் பேசியவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கலந்தாய்வு நேரத்தில் வந்து, "பத்தாவது வரைக்கும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தான் சார்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிற பெற்றோரிடம், பிளஸ் ஒன்னில் சேர்க்கும்போது யாராவது இதைப் பற்றிச் சொன்னார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும்.

இந்த ஒதுக்கீட்டில் உங்கள் வீட்டுக்கு என்ன லாபம் என்று பாருங்கள். தரவரிசை தனியாகப் போடுவார்கள். அதற்குள்ளேயும் சாதிவாரி இட ஒதுக்கீடு உண்டு. தங்கச்சி போட்டி போடப் போவது தன்னைப் போலவே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளோடு. இடம் கிடைத்துவிட்டால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படித்தான். மற்றவர்கள் அந்த இடத்துக்கு வருடம் 4 லட்சத்துக்கு மேல் கட்டுகிறார்கள். மருத்துவம் கிடைக்காமல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று போனாலும் அங்கேயும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உண்டு. பெண்பிள்ளை என்பதால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் இருக்கிறது. அதற்கும் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். இத்தனையையும் விட்டுக் கொடுத்துவிட்டு, கூடவே இரண்டு வருடத்துக்கு 3,20,000 ரூபாயும் கட்டச் சொல்கிறார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 7.5 சதவீதம் இருக்கிறது என்பதற்காக இடம் தானாக வந்துவிடாது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே போட்டி கடுமை. ஒரு தடவை எழுதிக் கிடைக்காமல் மறுபடி எழுதுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உரிமை உண்டு. "எத்தனை மார்க் எடுத்தால் போதும்" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். 2024-ல் பலர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-ல் இயற்பியல் கடினமாக வந்து, நாட்டில் முதலிடம் பிடித்தவர் மார்க்கே 686. மார்க் வருடத்துக்கு வருடம் ஏறும் இறங்கும். பார்க்க வேண்டியது தரவரிசையை.

சரி, இயற்பியல் வாத்தியார் இல்லாத பள்ளியில் எப்படி விட்டுவைப்பது என்று கேட்பீர்கள். விட்டுவைக்கத் தேவையில்லை. ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்கு மாறினால் ஒதுக்கீட்டுக்கு ஒரு பாதிப்பும் கிடையாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசின் மாதிரிப் பள்ளி இருக்கிறது. தங்கிப் படிக்கும் வசதியோடு, நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சியும் அங்கே தருகிறார்கள். 468 எடுத்த பிள்ளைக்கு முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். நாளைக்கே தங்கச்சியின் தலைமையாசிரியரைப் பார்த்து அதில் எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். அது அமையவில்லை என்றால் பாலக்கோட்டிலோ தருமபுரியிலோ பஸ் வசதியுள்ள பெரிய அரசு மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். அங்கே போய்க் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். பிளஸ் டூ படிக்கிற இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, லேப்பில் கையால் ஏதாவது செய்ய விடுகிறார்களா, அரசு நடத்தும் இலவச நீட் வகுப்பு எந்தப் பள்ளியில் நடக்கிறது என்று கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

இதற்கு நடுவில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் வீட்டின் ஆசை இருக்கிறது, பள்ளிக்காரர்கள் சொன்னது இருக்கிறது, மாமா சொன்னதும் இருக்கிறது. தங்கச்சி என்ன சொன்னாள் என்பது ஒரு வரிகூட இல்லை. அவளை உட்கார வைத்துப் பேசுங்கள். அம்மா, மாமா யாரும் பக்கத்தில் வேண்டாம், நீங்களும் அவளும் மட்டும். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் மருத்துவமனையிலேயே கட்டாயப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் இரவு முழுக்க வார்டில் நிற்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும், சாவைப் பார்க்க வேண்டும். பலர் அதற்குப் பிறகு மேல்படிப்புக்கு இன்னும் மூன்று வருடம் போகிறார்கள். இதையெல்லாம் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம் மாவட்டத்திலேயே சிட்லிங்கியில், 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் மலைவாழ் மக்களுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கி, அந்த ஊர்ப் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்து நடத்திக் காட்டினார்கள். இப்படியான வேலையும் இந்தப் படிப்புக்குள் இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவள் கண்ணில் ஆர்வம் இருந்தால் தாராளமாக இறங்கலாம். வேறு ஏதாவது படிக்க ஆசை என்று சொன்னால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். பிள்ளைக்கே வேண்டும் என்று தோன்றாத படிப்பு முதல் வருட அனாட்டமியிலேயே நின்றுவிடும். அதை வகுப்பில் வருடா வருடம் பார்க்கிறேன்.

அவளுக்கும் இதுதான் ஆசை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

எந்தக் குரூப் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், முதல் குரூப் எடுக்கட்டும். இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணிதமும் இருக்கிற குரூப். பாரம் அதிகம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நீட்டில் நம் பிள்ளைகளைக் கீழே தள்ளுவது இயற்பியல்தான், அந்த இயற்பியலில் பாதி கணக்கு. திரிகோணவியலும் மடக்கையும் வகையிடலும் கைவந்திருந்தால் வெக்டரும் இயக்கவியலும் பயமாக இருக்காது. இன்னொரு பக்கம் பொறியியல் வழியும் திறந்தே இருக்கும்.

அடுத்தது, பிளஸ் ஒன் வருடத்தை வீணாக்கக் கூடாது. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் பொதுத் தேர்வு இல்லாத வருடத்தின் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே ஆரம்பிக்கிற பழக்கம் நம் ஊரில் நீண்ட நாளாக இருப்பது. நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகிறது. இயக்கவியல், வெப்ப இயக்கவியல், கரிம வேதியியலின் அடிப்படை, மனித உடற்செயலியல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பள்ளி விட்டாலும் அவள் விடக் கூடாது.

நீட்டில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி. உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4, தவறானால் 1 கழிப்பார்கள். பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. உயிரியல் கேள்விகள் மத்திய அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பாடப்புத்தகத்தின் வரிகளை ஒட்டியே வருகின்றன. பிளஸ் ஒன்னுக்கு 19 பாடம், பிளஸ் டூவுக்கு 13 பாடம், மொத்தம் 32. அந்தப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, போனில் இறக்கிக்கொள்ளலாம், பாலக்கோட்டிலேயே பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட்டும் கொடுக்கலாம். நம் மாநிலப் பாடப்புத்தகத்தைத் தமிழில் படித்து விஷயத்தைப் புரிந்துகொள்ளட்டும். அதே பாடத்தை அந்த வாரமே என்.சி.இ.ஆர்.டி.யில் ஆங்கிலத்தில் வரி வரியாக ஒரு முறை படிக்கட்டும். முதல் இரண்டு மாதம் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகும். மூன்றாவது மாதத்தில் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும், வேகம் தானாக வரும்.

மனப்பாடம் போதும் என்று யாராவது சொன்னால், நான் சொல்லித்தருகிற இதயப் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். புத்தகத்தில் இரண்டு எண் இருக்கும். ஒரு துடிப்பில் இதயத்தின் கீழறை வெளியேற்றுகிற ரத்தம் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 72 துடிப்பு. இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். இதைப் பிள்ளைகள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். இப்போது கேள்வியை இப்படி மாற்றுகிறேன்: இதயம் விரிந்து முடியும்போது கீழறையில் 120 மி.லி. ரத்தம் இருக்கிறது, சுருங்கி முடியும்போது 50 மி.லி. மிச்சம் இருக்கிறது, நிமிடத்துக்கு வெளியே போகிற ரத்தம் 5,600 மி.லி. என்றால் துடிப்பு எத்தனை? மனப்பாடம் செய்தவர் விடைகளில் 72 இருப்பதைப் பார்த்ததும் அதைக் கறுப்பாக்கிவிடுவார். புரிந்து படித்தவர் 120-லிருந்து 50 போனால் 70, 5,600-ஐ 70-ஆல் வகுத்தால் 80 என்று பத்து விநாடியில் முடிப்பார். நீட்டின் உயிரியல் கேள்விகளில் நிறைய இந்த மாதிரி. வரி தெரிந்திருக்க வேண்டும், அந்த வரிக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தங்கச்சி ஒரு பாடத்தை முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவுக்குச் சொல்லிக் காட்டட்டும். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் அவளுக்கு வந்துவிட்டது.

தெரியாத கேள்வியில் கை வைக்கலாமா என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம். கணக்குப் போட்டே பார்க்கலாம். நாலு விடையில் எதுவும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எழுதினால் சராசரியாகக் கிடைப்பது கால் மார்க்தான். அந்த நேரத்தைத் தெரிந்த கேள்விக்குக் கொடுப்பது நல்லது. நாலில் இரண்டு கண்டிப்பாகத் தப்பு என்று தள்ள முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றை எழுதுவதில் சராசரியாக ஒன்றரை மார்க் லாபம். அங்கே துணிந்து எழுதலாம். இந்தப் பழக்கம் தேர்வு மண்டபத்தில் வராது, வீட்டில் பழைய வினாத்தாள்களை மணி பார்த்து எழுதினால்தான் வரும். உயிரியலை 45 முதல் 50 நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்.

நீங்கள் கட்டத் தயாராக இருந்த பணம் உண்டல்லவா, அதில் கொஞ்சத்தை இங்கே செலவிடுங்கள். பாலக்கோட்டிலோ தருமபுரியிலோ நல்ல இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் டியூஷன், பழைய வினாத்தாள் தொகுப்பு, பிளஸ் டூ வரும்போது ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு. மீதியைத் தங்கச்சி பெயரில் போட்டுவையுங்கள், பிறகு தேவைப்படலாம். பணத்தைவிடவும் முக்கியமாக, வீட்டில் அவளுக்கு என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருவது அவள் வேலை என்றால், அந்த ஒரு மணி நேரத்தை அவளிடமிருந்து எடுத்து வேறு யாருக்காவது கொடுங்கள். பொம்பளைப் பிள்ளைதானே செய்யட்டும் என்று விட்டால் இரண்டு வருடத்தில் எத்தனை நூறு மணி நேரம் போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இங்கிலீஷ் மீடியம் விஷயம். மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வருடம் தமிழில் யோசித்த பிள்ளையைப் பாடம் கனக்கிற வருடத்தில் மொழியும் மாற்றினால் இரண்டும் சேர்ந்து அமுக்கிவிடும். நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் கேட்டவர்களுக்கு வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் செல்லும், அதனால் ஒவ்வொரு அறிவியல் சொல்லுக்கும் ஆங்கிலப் பெயரை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வரட்டும். இன்னொன்று, தமிழ் வினாத்தாள் கேட்டால் கர்நாடகத்தில் தேர்வு மையம் கிடைக்காது. நீங்கள் ஓசூரில் இருக்கிறீர்கள், பெங்களூரு பக்கம்தானே என்று மையத்தை அங்கே போட நினைக்காதீர்கள்.

எம்.பி.பி.எஸ். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும், புத்தகமும் ஆங்கிலம்தான். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் முதல் சில மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன். கஷ்டப்படுகிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வருடத் தேர்வை அதிகபட்சம் நாலு முறைக்குள் தாண்ட வேண்டும், மொத்தப் படிப்பை 9 வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் அங்கே நின்று போகிறவர்கள் தமிழ் வழிப் பிள்ளைகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். முதல் வருடம் முடிவதற்குள் பெரும்பாலோர் ஆங்கிலத்தைப் பிடித்துவிடுகிறார்கள். வார்டுக்கு வந்த பிறகு அவர்கள் முன்னால் போய்விடுகிறார்கள். நம் மாவட்டத்து மருத்துவமனைக்கு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் முட்டி வலி, முதுகை வளைக்க முடியவில்லை என்று வருகிறார் என்று வையுங்கள். வெளியூரில் படித்த பிள்ளை எக்ஸ்ரே எழுதும். பாலக்கோட்டுப் பக்கத்துப் பிள்ளை முதலில் அவர் பல்லில் இருக்கிற பழுப்புக் கறையைப் பார்க்கும். "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க, போர்த் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா?" என்று கேட்கும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வருடக்கணக்கில் பல்லும் எலும்பும் எப்படிக் கெடும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தன் தெருவில் பார்த்த பிள்ளை அது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகள் டாக்டராக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற நோயாளிகள் வருவார்கள். உங்கள் வீட்டில் அதில் ஏதாவது பேசுவீர்கள் என்றால் அதுவும் சொத்து.

தூரத்தைப் பற்றி அம்மா கவலைப்படுவார் என்று நினைக்கிறேன். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது, 100 இடம். கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்தார்கள், 150 இடம். பக்கத்தில் சேலம் இருக்கிறது. நல்ல தரவரிசை வந்தால் வீட்டுக்கு அருகிலேயே கேட்க முடியும். "ஆறு வருஷம் படிச்சா கல்யாணம் எப்போ" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பிக்கிறபோது அண்ணன் முன்னால் நிற்க வேண்டும். பதினேழில் சேர்ந்தால் இருபத்து மூன்றில் டாக்டராக வெளியே வருவாள். அதற்குள் ஒரு கல்யாணப் பேச்சும் வீட்டுக்குள் வரக் கூடாது.

காகிதங்களை இந்த வருடமே சரிபாருங்கள், கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசில் நிற்கிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆதாரில் உள்ள பெயரும் பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ள பெயரும், இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் இப்போதே ஆதாரைத் திருத்திவிடுங்கள். சேர்கிற வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வேண்டும். சாதிச் சான்றிதழ் இரண்டு வகை என்பது பலருக்குத் தெரியாது. மாநில இடங்களுக்கு நம் வழக்கமான நிரந்தரச் சான்றிதழ் போதும். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு, பிற்படுத்தப்பட்டோரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதில் வருமான உச்சவரம்பு பார்ப்பார்கள், ஆனால் சம்பள வருமானத்தையும் விவசாய வருமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "கொல்லை இருக்கே, கிடைக்காது" என்று யாராவது திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் தடவை கிடைக்காமல் போகலாம். நீட்டை இத்தனை தடவைதான் எழுதலாம் என்று வரம்பு இல்லை, 7.5 சதவீத உரிமையும் அப்படியே இருக்கும். ஒரு வருடம் மறுபடி படிக்கலாம், அப்போது கோச்சிங் சென்டருக்கு அனுப்ப நீங்கள் சேர்த்துவைத்த பணம் உதவும். இரண்டு வருடம், மூன்று வருடம் என்று இழுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த வயதில் பிள்ளைகள் தனியாக அறைக்குள் கிடந்து நொறுங்கிப்போகிறார்கள். பிளஸ் டூ மார்க்கையும் விட்டுவிடாதீர்கள். நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவத்துக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் அந்த மார்க்கை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைக்குக் கால்நடை மருத்துவம் நல்ல படிப்பு, இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம், நாமக்கல்லிலேயே கல்லூரி இருக்கிறது. நீட் முடிவு வருகிற நாளில் யாராவது ஒருவர் அவள் கூடவே இருங்கள். மார்க்கைக் கேட்டு யாரும் போன் பண்ண வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். அவள் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அரசின் உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ கூப்பிடுங்கள். இரண்டுமே இலவசம், தமிழில் பேசுவார்கள்.

கடைசியாக மாமா சொன்ன வெளிநாட்டுப் படிப்பு. நீட் எழுதாமல் போகலாம் என்பது பொய். நீட்டில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் படித்து வந்தால் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. 2021 நவம்பரில் வந்த விதிப்படி அந்தப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அதே இடத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும், அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்ய முடிய வேண்டும். திரும்பி வந்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதில் பெரும்பான்மையோர் தேறுவதில்லை. தேறினாலும் இங்கே மறுபடி ஒரு வருடப் பயிற்சி. இவை எல்லாவற்றையும் தாண்டி நல்ல டாக்டராக இருப்பவர்களை எனக்குத் தெரியும், பாதியில் திரும்பி வந்து கடனைக் கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்களையும் தெரியும். ஏஜென்ட் தெரிந்தவராகவே இருக்கட்டும். அவர் சொல்கிற கல்லூரி இந்த நிபந்தனைகளில் எதையெதைப் பூர்த்தி செய்கிறது என்று கல்லூரியின் லெட்டர்பேடில் எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை கொல்லைப் பத்திரத்தைப் பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம்.